பிச்சைக்கண்ணு இருந்த இடம்

நல்ல குண்டூசி கிடைப்பது இப்போதெல்லாம் பெரும்பாடாகிவிட்டது, ஐயா. அம்பாசமுத்திரத்துக் கடைகளில் விற்பது பலகையில் குத்தினாலே வளைந்துகொள்கிறது. இரண்டு நாள் ஈரக்காற்று பட்டால் துரு ஏறிவிடுகிறது. தலையில் சிவப்பு, பச்சை உருண்டை வைத்த ஊசி வேண்டுமானால் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பஸ் ஏறியாக வேண்டும். நான் ஏறினேன். விடுப்பு நாளில், வீட்டு வேலையை எல்லாம் போட்டுவிட்டு. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்ட ஊழியன் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். தலைமைக் காவலர் பிச்சைக்கண்ணு மலையில் இறந்துபோனதற்கு நான்தான் காரணம் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். காரணம் என்பது கனமான வார்த்தை. நான் வரிசையாக எழுதிவிடுகிறேன், பிறகு எந்த வார்த்தை பொருந்தும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வைத்தீஸ்வரன். வயது ஐம்பத்தொன்று. சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. காவல்துறையில் வயர்லெஸ் உதவி ஆய்வாளராக இருக்கிறேன், அதாவது நேற்று வரைக்கும் இருந்தேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு மெமோ கிடையாது. என் மேஜையில் காகிதம் கோணலாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

அந்தப் பெட்டி வந்தது போன மாதம், தொண்ணூற்றேழு அக்டோபர் கடைசியில். மலையில் கஞ்சாத் தோட்டம் தேடி அலையும் தனிப்படைக்கு நம்முடைய வயர்லெஸ் பள்ளத்துக்குள் போனால் செத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு பேர் காட்டுக்குள் போனால் அவர்கள் திரும்பி வரும்வரை உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க வழியில்லை. அதற்காக பெங்களூர் கம்பெனி ஒன்று இரண்டு பெட்டிகளை முப்பது நாள் சோதனைக்குக் கொடுத்தது. ஸ்ரீராகவ் என்று கம்பெனிக்காரர் ஒருவர், மீசை சரியாக முளைக்காத முகம், பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்து எங்கள் அலுவலக மொட்டைமாடியில் திறந்து காட்டினார். ஊருக்குக் கொண்டுபோகும் சூட்கேஸ் அளவு. பதினொரு கிலோ. மூடியைத் திறந்து வானத்தைப் பார்க்க வைத்தால் போதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தான் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியாக அதுவே சொல்லிவிடும். எழுத்துப் பலகையில் தட்டிச் சேதியும் அனுப்பலாம், வாங்கலாம். சேதி விண்வெளிக்குப் போய் இறங்கி எங்கள் மாடியில் இருக்கும் இன்னொரு பெட்டிக்கு வந்து அச்சாகப் பத்து நிமிஷம். மரத்தடியில் வேலை செய்யாது. திறந்த பாறை வேண்டும். அது ஒன்றுதான் குறை என்றார்.

சோதனை நன்றாக முடிந்தால் மாநிலத்துக்கு நாற்பது பெட்டி வாங்குவார்கள், புதிதாக ஒரு பிரிவு தொடங்குவார்கள், அதற்கு அனுபவமுள்ள ஒரு ஆய்வாளரைத் தலைவராகப் போடுவார்கள் என்று டி.எஸ்.பி. ஐயா சொன்னார். அந்த அனுபவம் உள்ளவர் அப்போது தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான் இருந்தார். பெயரை நானே சொல்வது அழகல்ல.

திட்டம் போட்டது நான். மாடி அறையில் சுவர் உயரத்துக்கு மலைப்படம் ஒன்றை மாட்டி, நவம்பர் ஒன்று முதல் முப்பது வரை தனிப்படை ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்தேன். பெட்டி சொல்லும் இடத்தில் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஊசி குத்த வேண்டும். டி.எஸ்.பி. ஐயா பார்த்துவிட்டு, நம் மாவட்டத்தில் இப்படி ஒரு படத்தை நான் கண்டதில்லை என்றார்.

படையில் ஆறு பேர். தலைவர் பிச்சைக்கண்ணு. ஐம்பத்தாறு வயது, பருத்த உடம்பு, காலில் ஆணி, வாயில் எப்போதும் வெற்றிலை. பெட்டியைத் தூக்கவும் தட்டவும் கான்ஸ்டபிள் காஜா முகைதீன். அவனுக்கு இரண்டே நாளில் பெட்டி வசப்பட்டது. எனக்கு நான்கு நாள் ஆனது. நான் ஆழமாகப் படித்தேன்.

இங்கே பட்டா புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும். உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனால் இதைப் படிப்பவர் எல்லோரும் போலீஸ்காரராக இருக்க மாட்டார். ரோந்து போகும் காவலர் வந்து போனதற்குச் சாட்சியாகக் கோயில் வாசலிலும் நகைக்கடை வாசலிலும் ஒரு நோட்டு தொங்கும். வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? முதல் சுற்றிலேயே நான்கு சுற்றுக்கும் நேரம் போட்டுக் கையெழுத்தையும் போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். சோதிக்க வருகிற அதிகாரியும் நோட்டைப் பார்ப்பாரே தவிரக் காவலரைத் தேட மாட்டார். நோட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ, ஆள் அவ்வளவு நன்றாகத் தூங்கியிருக்கிறான் என்று அர்த்தம். நூறு வருஷமாக இந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனக்கஷ்டம் வந்ததில்லை.

அந்தப் பெட்டி வந்துதான் கெடுத்தது. நூறு வருஷத்தில் காவலர் வீட்டில் சாப்பிடாத முதல் மேலதிகாரி அது.

மூன்றாம் நாள் அச்சாகி வந்த சீட்டைப் பார்த்தேன். படை, திட்டப்படி முதல் மலையைத் தாண்டியிருக்க வேண்டும். பெட்டியோ ஈத்தம்பாறையில் இருப்பதாகச் சொன்னது. நான்காம் நாளும் ஈத்தம்பாறை. ஐந்தாம் நாளும் அதுவே. ஈத்தம்பாறையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மின்கம்பி இழுத்த காலத்தில் போட்ட ஜீப் பாதை ஒன்று அதுவரைக்கும் போகிறது. பாதை முடிவில் ஓடு வேய்ந்த கொட்டகை. மழைக்கு ஒழுகாது, பக்கத்திலேயே ஓடை. பிச்சைக்கண்ணு அங்கே அடுப்பு மூட்டிவிட்டார். அடைமழையில் காலில் ஆணியோடு மலை ஏற அவருக்கென்ன பைத்தியமா.

எனக்குக் கோபம் வரவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு குடும்பம். பிச்சைக்கண்ணுவுக்கு ஓய்வூதியம் வேறு பக்கத்தில் வந்துவிட்டது. சீட்டை மேலே அனுப்பினால் ஆறு பேர் வேலையும் போகும். நான் சீட்டுகளை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, ஊசியைத் திட்டத்தில் இருந்த இடத்திலேயே குத்தினேன். மனிதாபிமானம் என்று இதற்குப் பெயர். மறுநாள் காஜாவுக்கு, ‘இருக்குமிடம் தெரிந்தது, திட்டப்படி இருப்பதாகப் பாவிக்கப்படுகிறது’ என்று சேதி அனுப்பினேன். ரேஷன் எடுக்கக் கீழே வந்தபோது பிச்சைக்கண்ணு ஒரு பாட்டில் மலைத்தேனைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

“ஐயா, ஒங்களுக்குப் பெரிய மனசு. நீங்க எங்கன போகச் சொன்னாலும் போவேன், கண்ண மூடிட்டுப் போவேன்” என்றார்.

அந்த வார்த்தையை நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவராகச் சொன்னது. நான் வற்புறுத்தவில்லை.

படம் அழகாக வளர்ந்தது. பென்சில் குறி மேல் ஊசி, மயிரிழை பிசகாமல். டி.எஸ்.பி. ஐயா தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார். இப்படித் திட்டப்படி நடந்த படையை என் சர்வீஸில் பார்த்ததில்லை, பிச்சைக்கண்ணுவுக்கு நற்சான்று எழுதலாம் என்றார். எழுதலாம் ஐயா என்றேன். இருபத்திநான்காம் தேதி சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து படத்தைப் பார்ப்பதாக முடிவாயிற்று.

காவலர் வீட்டுப் பெண்களுக்கும் படத்தின் மேல் பிரியம் வந்துவிட்டது. பத்தாம் தேதி பிச்சைக்கண்ணுவின் மனைவி கோமு மாடிக்கு வந்தாள். ரேஷன் கடைக்குப் போகிற வழியாம், கையில் பையோடு கதவுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன்.

“அவிய இப்பம் எங்கன இருக்காவ ஐயா?”

சிவப்பு ஊசியைக் காட்டினேன். அவள் பைய ஒரு விரலை நீட்டி, ஊசி வளைந்துவிடுமோ என்று பயந்தவள் போல அதன் தலையைத் தொட்டாள். அங்கே மழை உண்டுமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் அவ்வளவாக இல்லை என்றேன். அவள் முகம் தெளிந்து போனதை நான் பார்த்தேன். கணவர் அந்த ஊசியிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி ரசம் வைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்லி அந்தத் தெளிவைக் கெடுக்க எனக்கு மனம் வருமா?

இனி பதினைந்தாம் தேதி.

காலை ஏழு நாற்பதுக்கு அச்சு ஓடியது. காஜா முகைதீன் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புவான். ஓடையில் குளிக்க இறங்கிய பிச்சைக்கண்ணு அண்ணாச்சி பாறை வழுக்கி விழுந்துவிட்டார், தொடை எலும்பு வெளியே தெரிகிறது, ரத்தம் நிற்கவில்லை, உடனே ஜீப்பும் டாக்டரும் வேண்டும். அடியில் பெட்டி தானாகச் சேர்த்த இடக்குறிப்பு. ஈத்தம்பாறை.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஈத்தம்பாறைக்கு ஜீப்பில் ஒரு மணி பத்து நிமிஷம். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்று காலைக்குத் திட்டத்தில் இருந்த இடம் கருங்கல்மேடு. வடக்கே இரண்டு மலை முகடு தாண்டி, ஐந்தரை கிலோமீட்டர். அங்கேயும் ஜீப் போகும், எஸ்டேட் பாதையில் சுற்றி நான்கு மணி நேரம். நான் படத்தின் முன்னால் நின்று யோசித்தேன். ஜீப் ஈத்தம்பாறைக்குப் போனால் பதினான்கு ஊசிகள் பொய்யாகிவிடும். ஒன்று இரண்டு அல்ல, பதினான்கு. ஆறு பேர் வேலை போகும். பிச்சைக்கண்ணுவின் ஓய்வூதியம் போகும். கால் உடைந்து ஓய்வூதியமும் இல்லாமல் அந்த மனிதர் என்ன செய்வார்? படம் ஒரு பக்கம் இருந்தது, ஆறு பேர் ஒரு பக்கம் இருந்தார்கள். இரண்டும் பொருந்தவில்லை. படத்தை நகர்த்துவதைவிட ஆட்களை நகர்த்துவது சுலபம் என்று எனக்குப் பட்டது. அமைதியாக உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் அப்படித்தான் படும்.

எட்டு ஐந்துக்குப் பதில் தட்டினேன். ‘கருங்கல்மேட்டுக்கு வரவும். டாக்டர் அங்கே வருவார்.’

பிறகு டி.எஸ்.பி. ஐயாவிடம் போய்ச் சொன்னேன்: தலைமைக் காவலர் பிச்சைக்கண்ணுவுக்கு அடி, இடம் கருங்கல்மேடு. அவர் நல்ல மனிதர், துடித்துப் போனார். கால் மணி நேரத்தில் ஒரு டாக்டரும் தூக்குப் படுக்கையோடு நான்கு பேரும் கிளம்பிவிட்டார்கள். முன்பெல்லாம் மலையில் ஒருவன் விழுந்தான் என்று தெரியவே இரண்டு நாள் ஆகும், இன்றைக்குப் பாரும் வே, விழுந்த இடத்துக்கே டாக்டர் போகிறார் என்று என் தோளில் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் நெகிழ்ச்சியாக இருந்தது.

எட்டரைக்குக் காஜா மறுபடி கேட்டான். பாதை கொட்டகை வாசல் வரை இருக்கிறதே ஐயா, ஜீப் இங்கேயே வந்துவிடலாமே, எலும்பு வெளியே நிற்கிற ஆளை எப்படித் தூக்குவது? நியாயமான கேள்விதான். ஜீப் அங்கே வந்தால் ஆறு பேருக்கும் வேலை இருக்காது என்று நிலைமையை விளக்கினேன். இதை மிரட்டல் என்று அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறானாம். விளக்கம் என்பதுதான் சரி.

அவர்கள் உடனே கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்து நாற்பதுக்கு இந்தச் சேதி வந்தது, சீட்டு உங்கள் கையிலேயே இருக்கிறது: ‘ரத்தம் கொஞ்சம் நின்னுருக்கு. அசைச்சா திரும்ப வருது. நீங்க இங்கனயே இருங்கன்னு சொன்னா இருக்கோம். வேல போனாலும் பரவால்லன்னு நாங்க அஞ்சு பேரும் சொல்லுதோம். அண்ணாச்சிதான் ஐயா சொன்னா சரியா இருக்கும்ங்காரு. ஒரு வார்த்தை சொல்லுங்க.’

நான் ஒரே வார்த்தைதான் அனுப்பினேன். ‘நடக்கவும்.’

மூங்கிலில் ஜமுக்காளத்தைக் கட்டி அதில் அவரைப் போட்டுத் தூக்கினார்கள். பருத்த உடம்பு என்று முன்பே எழுதியிருக்கிறேன். நான்கு பேர் தூக்க, காஜா பெட்டியைச் சுமந்தான். காட்டுக்குள் அவர்களுக்கு வழி தெரியவில்லை. திறந்த பாறை வரும்போதெல்லாம் நின்று, பெட்டியைத் திறந்து, தாங்கள் இருக்கும் இடத்தை அனுப்பி எனக்காகக் காத்திருப்பார்கள். நான் படத்தில் அளந்து வழி சொல்வேன். வடக்கே அறுநூறு மீட்டர். இடப்பக்கம் சரிவு, விலகவும். முகட்டைத் தாண்டி ஓடையின் மேல்கரை. ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. மதியம் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. வித்யாலக்ஷ்மி, என் மனைவி, கொடுத்துவிட்ட தயிர்சாதம் அப்படியே இருந்தது. எங்கோ மழையில் நிற்கும் ஆறு பேரை நான் மாடியில் உட்கார்ந்தபடி கைப்பிடித்து நடத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனிக்காரருக்கே தன் பெட்டி இவ்வளவு செய்யும் என்று தெரிந்திருக்காது.

டாக்டர் பன்னிரண்டேகாலுக்குக் கருங்கல்மேட்டுக்குப் போய்விட்டார். அது உயரம், அங்கே ஜீப் வயர்லெஸ் எடுக்கும். இங்கே யாருமே இல்லையே என்றார். வருவார்கள், காத்திருங்கள் என்றேன். எங்கே போயிருக்கிறார்கள் என்றார். தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார்கள் என்றேன்.

“அடிபட்டவருமா தண்ணி எடுக்கப் போயிருக்காரு?” என்றார் டாக்டர்.

கெட்டிக்காரர். எந்தத் திசை என்று சொன்னால் எதிரே போய்ப் பார்ப்பதாகவும் சொன்னார். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கருங்கல்மேட்டில் இருப்பவர்கள் தெற்கே நான்கு கிலோமீட்டரிலிருந்து ஏன் வருகிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும். நின்ற இடத்திலேயே நிற்கும்படி சொல்லிவிட்டேன்.

இரண்டேகாலுக்குக் காஜா, தண்ணீர் கேட்கிறார், கொடுக்கலாமா என்றான். நான் டாக்டர் இல்லை, எனக்கு எப்படித் தெரியும்? இன்னும் இரண்டரை கிலோமீட்டர்தான் என்று தெம்பு சொன்னேன்.

மூன்று இருபதுக்கு அச்சு ஓடியது. ‘அண்ணாச்சி போயிட்டாரு.’ அடியில், வழக்கம் போல, இடக்குறிப்பு. கருங்கல்மேட்டுக்கு எண்ணூறு மீட்டர் தெற்கு.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஐயா. கல் நெஞ்சுக்காரன் என்று நினைக்காதீர்கள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு உட்கார்ந்து, ‘நிற்க வேண்டாம், தொடரவும்’ என்று அனுப்பினேன். அவர்கள் நாலரைக்கு மேட்டுக்கு வந்தார்கள். டாக்டர் பார்த்து, இறந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்திட்டார். இடம்: கருங்கல்மேடு. ஊசியும் சான்றும் ஒன்றாகப் பொருந்தின. ஐந்து காவலர்களும் வாயைத் திறக்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது காஜா முகைதீன் மட்டும் பெட்டியை ஓங்கி ஓர் உதை உதைத்தானாம். அரசாங்கப் பொருள்கூட அல்ல அது, கம்பெனியுடையது.

பிச்சைக்கண்ணுவை அரசு மரியாதையோடு எரித்தார்கள். குண்டு முழங்கியது. கடமையில் உயிர் நீத்தவர் என்று டி.எஸ்.பி. ஐயா பேசினார், என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். திட்டம் தவறாத வீரர் என்றேன்.

ஏழாம் நாள் கோமு மறுபடி மாடிக்கு வந்தாள். இந்தத் தடவை கதவோரம் நிற்கவில்லை. நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேர் படியில் நின்றார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆயுசு முடியாமல் போனவர் எந்த இடத்தில் உயிரை விட்டாரோ அந்த இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்து, வயலோரம் பீடம் போட்டு, அவரை அதில் இருத்திக் கும்பிடுவார்கள். பிடிமண் எடுக்காவிட்டால் அவர் வீடு வந்து சேராமல் அங்கேயே அலைவார் என்று நம்பிக்கை. எனக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை. ஆனால் பிறர் நம்பிக்கையை நான் மதிப்பவன்.

“அந்த எடத்தைச் சொன்னீயன்னா போயி கூட்டிட்டு வந்துருவோம் ஐயா. மழைல தனியா கெடக்காவ” என்றாள்.

சீட்டுகள் இருந்த இழுப்பறை என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் எழுந்து கருங்கல்மேட்டு ஊசியைக் காட்டினேன். எஸ்டேட் பாதையில் எப்படிப் போக வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்தும் கொடுத்தேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள். வேண்டாம் என்று விலகிக்கொண்டேன்.

மறுநாள் போனார்கள். மேட்டில் தேங்காய் உடைத்து, அவர் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டு, மஞ்சள் துணியில் மண் எடுத்து வந்து பீடம் போட்டார்கள். மனிதர் அந்த மேட்டில் உயிரோடு காலே வைத்ததில்லை. ஆனால் அவர்களுக்கு மனம் ஆறிவிட்டது என்று கேள்விப்பட்டேன். பாருங்கள், அதுதானே முக்கியம்.

இருபத்திநான்காம் தேதி சென்னை அதிகாரிகள் வந்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், வியந்தார்கள். ஒருவர் என் கையைக் குலுக்கி ஆய்வாளர் என்றே கூப்பிட்டார். அதோடு முடிந்திருக்கும். அந்த ஸ்ரீராகவ்தான் எழுந்தார். தன் கம்பெனி சார்பில் ஒரு சின்ன அன்பளிப்பு என்று ஒரு சுருளை எடுத்து விரித்தார். மலையிலிருந்து வந்த, மலைக்குப் போன ஒவ்வொரு சேதியும் தரை நிலையத்தில் பதிவாகுமாம். அதையெல்லாம் கேட்டு வாங்கி, நாள், மணி, இடம் போட்டு, வண்ணத்தில் ஒரு படமாகவே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். இந்தப் பதிவைப் பற்றி என்னிடம் அவர் மூச்சுவிட்டதில்லை. என் படத்துக்குப் பக்கத்திலேயே அதை மாட்டினார். அச்சடித்ததைப் படித்துப் பார்க்காத முகம், பெருமையில் பளபளத்தது.

என் படத்தில் ஊசிகள் மலை மலையாக ஏறி இறங்கின. அவர் படத்தில் பதினான்கு நாளும் ஒரே புள்ளி. பிறகு அந்தப் புள்ளியிலிருந்து ஒரே ஒரு கோடு, நின்று நின்று, கருங்கல்மேட்டைப் பார்த்து வந்தது. கூடவே சேதிகள், என் பதில்கள், மணி நிமிஷத்தோடு. பெரிய அதிகாரி ஒவ்வொன்றாக வாசித்தார். ‘நடக்கவும்’ என்ற இடத்துக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பின்வரிசையில் இருந்த காஜா முகைதீன் எழுந்து நின்றான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். டி.எஸ்.பி. ஐயா என்னைப் பார்க்கவே இல்லை.

அன்று மாலை கீழே ஜீப்பில் ஏற்றும்போது கோமு வாசலில் நின்றாள். யாரோ அதற்குள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

“எங்கன வச்சு உயிரு போச்சு? அதை மட்டும் சொல்லும்” என்றாள்.

ஐயா என்கிற வார்த்தை இல்லை. அதைக் கவனித்தேன். விசாரணையில் இருக்கும் விஷயத்தை வெளியாரிடம் சொல்லக் கூடாது என்பது விதி. விதியை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். ஜீப் கிளம்பியது.

இன்று காலை நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். ஜீப்பை ஈத்தம்பாறைக்கு அனுப்பியிருந்தால் ஒன்பதரைக்குள் டாக்டர் அவரைத் தொட்டிருப்பார், அது எனக்குத் தெரியுமா என்பது ஒன்று. தெரியும். எட்டு மணிக்கும் தெரியும், பத்து நாற்பதுக்கும் தெரியும். தெரிந்தேதான் நடக்கச் சொன்னேன். நடந்தால் பிழைப்பது கஷ்டம் என்பதும் ஒரு மாதிரி தெரிந்துதான் இருந்தது. கொன்றேன் என்று நீங்கள் எழுதிக்கொள்வதானால் நான் மறுக்கப்போவதில்லை, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இரண்டாவது, கோமுவுக்குக் கொடுக்க அந்த இடத்தை எழுதச் சொன்னீர்கள். எனக்கு மனப்பாடம். வடக்கு எட்டு பாகை நாற்பத்தொன்று புள்ளி இரண்டு கலை, கிழக்கு எழுபத்தேழு பாகை இருபது புள்ளி ஒன்பது கலை. ஓடையின் மேல்கரை, ஒரு தட்டைப் பாறை. அந்த அம்மாள் போய் மண் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. அன்றைக்குக் காலையில் வீண் பேச்சுப் பேசிக்கொண்டிருக்காமல் நான் சொன்னதும் கிளம்பியிருந்தால், பிச்சைக்கண்ணு சரியான இடத்திலேயே இறந்திருப்பார்.